ரொக்கமாகக் கொடுத்த காசு செலவுக் கணக்கில் நிற்குமா?

கேள்வி:

ஆடிட்டர் ஐயா, மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நானும் என் மதினியும் சேர்ந்து ஏத்தங்காய் வற்றல், மரச்சீனி வற்றல், சர்க்கரை வரட்டி போட்டு விற்கிறோம். முதலில் வீட்டளவில்தான் செய்தோம். 2025 ஏப்ரலில் கூட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கினோம். நாகர்கோவில், திருவனந்தபுரம் கடைகளுக்குச் சரக்கு போகிறது. ஓணத்துக்கு முந்தின மாதம் அடுப்பை அணைக்கவே நேரம் இருக்காது.

இப்போது முதல் வருடக் கணக்கை முடிக்க வேண்டும். 2025-26-இல் விற்பனை 84 லட்சம். அதில் 54 லட்சம் பாங்கு, யு.பி.ஐ. வழியாக வந்தது. 30 லட்சம் ரொக்கம். செலவு எல்லாம் போக 9 லட்சம் நிற்கும் என்று நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரிடம் பில் கட்டைக் கொண்டு போனால், "இதெல்லாம் எதற்கு, 44 ஏ.டி.யில் ஒரு சதவீதம் போட்டு முடித்துவிடலாம், பில்லே வேண்டாம்" என்கிறார். அப்படியானால் நாங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதியதெல்லாம் வீணா?

இன்னும் சந்தேகங்கள் உண்டு. ஏத்தங்குலைக்குப் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கொடுக்கிறோம். என் நகையை அடகு வைத்துத்தான் மூலதனம் போட்டேன்; அந்த வட்டி செலவாகுமா? மதினி வீட்டின் பின்புறக் கொட்டகையில்தான் வேலை நடக்கிறது. வாடகை கிடையாது, கரண்டு பில் வீட்டோடு சேர்ந்து வருகிறது. டிசம்பரில் 1,80,000 ரூபாய்க்கு வற்றல் சீவும் இயந்திரமும் பாக்கெட் ஒட்டும் இயந்திரமும் வாங்கினோம். என் கணவர்தான் வண்டியில் கடை கடையாகச் சரக்குப் போடுகிறார், சம்பளம் எடுப்பதில்லை. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கொடுத்த பணம், மூடிப்போன ஒரு பேக்கரி தராமல் விட்ட 42,000 ரூபாய், இதெல்லாம் செலவில் வருமா? எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

பில் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சகோதரி. நீங்களும் உங்கள் மதினியும் ராத்திரி எழுதிய அந்தக் கணக்குக்கு இந்த வருடம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பு இருக்கிறது. எப்படி என்று முதலில் காட்டிவிடுகிறேன்.

44 ஏ.டி. என்பது சிறு வியாபாரிகளுக்கான உத்தேச லாபக் கணக்கு. விற்பனையில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், பாங்கு வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொண்டு அதற்கு வரி கட்டினால் போதும். செலவுக்குப் பில் காட்டத் தேவையில்லை. தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபருக்கு, தள்ளுபடி போக, வரியே வராது. அதனால் அவர் 44 ஏ.டி.யில் போட்டாலும் கணக்கு எழுதிப் போட்டாலும் பல சமயம் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான்.

நீங்கள் தனி ஆள் அல்ல, கூட்டு நிறுவனம். கூட்டு நிறுவனத்துக்கு வரியில்லாத முதல் அடுக்கு கிடையாது, 12 லட்சத் தள்ளுபடியும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 44 ஏ.டி.யில் போட்டால் உங்கள் உத்தேச லாபம் 30 லட்சத்துக்கு 2,40,000, 54 லட்சத்துக்கு 3,24,000, ஆக 5,64,000 ரூபாய். அதற்கு வரி செஸ்ஸோடு 1,75,968 ரூபாய். கூட்டாளிகளுக்குச் சம்பளம் கொடுத்தோம் என்று இதில் ஒரு பைசா கழிக்க முடியாது. அந்தச் சலுகையை 2016-17 கணக்கு ஆண்டு முதலே எடுத்துவிட்டார்கள்.

கணக்கு எழுதிப் போட்டால் லாபம் 9 லட்சம், அதாவது முன்னதைவிட அதிகம். ஆனால் வேலை செய்யும் கூட்டாளிகளுக்கான சம்பளத்தை இங்கே கழிக்கலாம். முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் என்பது உச்சவரம்பு. உங்களுக்கு 5,40,000-மும் 1,80,000-மும் சேர்ந்து 7,20,000 ரூபாய். நிறுவனத்துக்கு மிஞ்சுவது 1,80,000. வரி 56,160 ரூபாய். நீங்கள் இருவரும் ஆளுக்கு 3,60,000 ரூபாய் சம்பளம் எடுக்கிறீர்கள். வேறு வருமானம் இல்லையென்றால் அது 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும், உங்கள் கையில் வரி இல்லை. நிறுவனத்தில் வரி கட்டியபின் மிஞ்சும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அதற்கும் மறுபடி வரி இல்லை. இரண்டு வழிக்கும் வித்தியாசம் 1,19,808 ரூபாய். பில்லே வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவர் உங்கள் பத்திரத்தை ஒரு முறை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். சிறு தொழில் செய்யும் பெண்கள் கொண்டு வரும் கணக்கைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சதவீதம் போட்டு அனுப்பும் பழக்கம் பரவியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தச் சம்பளக் கழிவுக்கு ஒரு நிபந்தனை. கூட்டுப் பத்திரத்தில் வேலை செய்யும் கூட்டாளிகளுக்குச் சம்பளம் உண்டு என்றும், அது எவ்வளவு அல்லது எப்படிக் கணக்கிடப்படும் என்றும் எழுதியிருக்க வேண்டும். "கூட்டாளிகள் பேசி முடிவு செய்துகொள்ளலாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஏற்க மாட்டோம் என்று நேரடி வரிகள் வாரியம் 1996-இல் 739-ஆம் எண் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அந்த வாசகம் இல்லையென்றால் 2025-26-க்குச் சம்பளக் கழிவு கிடைக்காது. பின்தேதியிட்டு எழுதவும் கூடாது. அப்படியானால் இந்த ஒரு வருடத்துக்கு 44 ஏ.டி.தான் உங்களுக்கு மலிவு என்றும் ஆகலாம். ஆனால் அதில் ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு முறை 44 ஏ.டி.க்குள் போய்விட்டு அடுத்த ஐந்து ஆண்டுகளில் எப்போது வெளியே வந்தாலும், அதன்பின் ஐந்து ஆண்டுகள் திரும்ப நுழைய முடியாது; உங்களைப் போன்ற கூட்டு நிறுவனம் அப்போது விற்பனை எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை செய்தாக வேண்டும். இப்போது நேராகக் கணக்கு வழியிலேயே போனால் விற்பனை ஒரு கோடியைத் தாண்டும்வரை தணிக்கை தேவையில்லை. முதல் ரிட்டர்னில் எடுக்கும் முடிவு பல வருடம் கூட வரும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் முதல் இன்னொன்றும் வந்திருக்கிறது. கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். உங்களுக்கு வரியே இல்லை என்றாலும் பிடித்தாக வேண்டும். நீங்கள் இருவரும் தனித்தனியே ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். மார்ச் 31 அன்று சம்பளத்தை வரவு வைத்திருந்தால் அதற்கான டி.டி.எஸ்.ஸை ஏப்ரல் 30-க்குள் கட்ட வேண்டும். தாமதமானால் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

இனி செலவுகளுக்கு வருகிறேன். வருமான வரிச் சட்டம் வாடகை, பழுதுபார்ப்பு, தேய்மானம், வட்டி என்று சிலவற்றுக்குத் தனித்தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அவற்றில் அடங்காத எல்லாவற்றுக்கும் 37(1)-ஆம் பிரிவு. முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவாக இருக்க வேண்டும், சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இருக்கக் கூடாது, சட்டம் தடுத்த காரியத்துக்காக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்தச் செலவு அவசியமா, அது இல்லாமல் சமாளித்திருக்க முடியாதா என்று கேட்பது அதிகாரியின் வேலை அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1979-இல் சாசூன் டேவிட் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. பாக்கெட்டுக்குக் கொஞ்சம் விலை கூடின உறை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் தீர்மானம். எதற்காகக் கொடுத்தீர்கள், எந்த வழியில் கொடுத்தீர்கள், அதற்கு என்ன தாள் இருக்கிறது என்ற மூன்றைத்தான் அவர் கேட்கலாம். சிறு தொழில்களில் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நியாயமான செலவுகள் கைநழுவிப் போகின்றன.

உங்கள் ஏத்தங்குலைக் கொள்முதல் இதற்குச் சரியான உதாரணம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் தள்ளுபடியாகும் என்கிறது 40 ஏ(3). 10,000-க்கு மேற்பட்ட பகுதி மட்டும் அல்ல, முழுத் தொகையும். காலையில் 6,000, மாலையில் 6,000 என்று பிரித்துக் கொடுத்தாலும் அதே நாள், அதே ஆள் என்றால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் விதி 6 டி.டி. சில விலக்குகள் தருகிறது. அவற்றில் உங்களுக்கு முக்கியமானது, விளைபொருளை விளைவித்தவரிடமே வாங்கும்போது கொடுக்கும் ரொக்கத்துக்கு இந்த வரம்பு இல்லை என்பது. வாழைத்தோட்டக்காரரிடமே நேரில் 25,000 ரூபாய்க்குக் குலை வெட்டி ரொக்கம் கொடுத்தால் அது நிற்கும். மரச்சீனிக்கும் அப்படியே. அதே குலையைச் சந்தையில் மொத்த வியாபாரியிடம் 25,000 ரூபாய் ரொக்கத்துக்கு வாங்கினால் நிற்காது, ஏனென்றால் அவர் விளைவித்தவர் அல்ல.

உங்கள் கட்டில் இந்த இரண்டும் கலந்து "காய் வாங்கியது" என்று ஒரே தலைப்பில் கிடக்கும் என்று நினைக்கிறேன். முதல் வேலையாக அதைப் பிரியுங்கள். விவசாயியிடம் வாங்கியதற்கு நீங்களே ஒரு கொள்முதல் சீட்டு எழுதலாம். தேதி, அவர் பெயர், ஊர், எத்தனை குலை, எடை, விலை, மொத்தம், அவருடைய கையெழுத்து, தொலைபேசி எண். இவ்வளவு இருந்தால் போதும். அச்சடித்த பில் எந்த விவசாயியும் தர மாட்டார், அதிகாரிக்கும் அது தெரியும். ஆனால் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் வருடம் முழுக்க உள்ள சீட்டுகளை மார்ச்சில் உட்கார்ந்து எழுதினால் அது பார்த்த உடனே தெரிந்துவிடும். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற உண்மைச் சீட்டுகளையும் நம்ப மாட்டார்கள். கடந்த வருடத்துக்கு உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். சந்தை வியாபாரிகளுக்கு இனிமேல் யு.பி.ஐ. அல்லது பாங்கு வழியாக மட்டும் கொடுங்கள். இந்த வரம்பை மீறிச் சந்தைக்காரருக்குக் கொடுத்த ரொக்கம் வருடத்துக்கு ஐந்தாறு லட்சம் இருந்தால், அவ்வளவும் லாபத்தில் ஏறி வரி பல்லாயிரம் கூடிவிடும். சம்பாதிக்காத பணத்துக்குக் கட்டும் வரி அது.

சரக்கு ஏற்றும் டெம்போ வாடகைக்கு இந்த வரம்பு 35,000. வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களுக்குத் தரும் கூலி ஒரு நாளில் ஒருவருக்கு 10,000-ஐத் தாண்டப் போவதில்லை, எனவே ரொக்கமாகக் கொடுப்பதில் தவறில்லை. கூலிப் பதிவேட்டில் கைச்சாத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓணம், தீபாவளிக்குக் கொடுக்கும் போனசும் செலவுதான்.

எண்ணெய்க்கு வருவோம். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் உங்கள் கையிருப்பெல்லாம் செக்கு ஆலைக்காரரிடம் போயிருக்கும், கடனும் வைத்திருப்பீர்கள். அந்த ஆலை உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்தச் செலவை இந்த வருடம் கழிக்க முடியாது, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். வருடத்துக்குள்ளேயே தாமதமாகக் கொடுத்து முடித்திருந்தால் சிக்கல் இல்லை. இந்த விதி உங்களுக்கும் கவசம்தான். நீங்கள் உற்பத்தியாளர்கள், உத்யம் பதிவு இலவசம். எடுத்து உங்கள் பில்லில் அந்த எண்ணை அச்சடியுங்கள். உங்களுக்குப் பணம் பாக்கி வைக்கும் பெரிய கடைக்காரரின் ஆடிட்டரே மார்ச்சில் அவரை விரட்டி உங்கள் பாக்கியைத் தீர்க்கச் சொல்வார்.

மார்ச் 31 அன்று டிரம்மில் கிடந்த எண்ணெய், மூட்டையில் இருந்த சர்க்கரை, கட்டி வைத்த வற்றல், அச்சடித்த உறை, இவை இன்னும் செலவாகவில்லை, சரக்கிருப்பு. அன்றைக்கு எடை போட்டு எழுதியிருக்கிறீர்களா? உங்கள் 9 லட்சத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறைக்கும் இயந்திரத்துக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால் அதை மறுபடி செலவிலோ இயந்திர விலையிலோ சேர்க்கக் கூடாது.

நகைக்கடனுக்கு வருகிறேன். இதில்தான் பெண் தொழில்முனைவோர் அதிகம் இழக்கிறார்கள். நகை உங்களுடையது, கடன் உங்கள் பெயரில், பணம் போனது நிறுவனத்துக்கு. வட்டியை நிறுவனத்தின் செலவாக நேரடியாக எழுதினால், நிறுவனம் வாங்காத கடனுக்கு வட்டி எதற்கு என்ற கேள்வி வரும். இதற்கு நேர்வழி இருக்கிறது. நீங்கள் போட்டது உங்கள் மூலதனம். மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை கூட்டாளிக்கு நிறுவனம் வட்டி கொடுக்கலாம், பத்திரத்தில் எழுதியிருந்தால் அது நிறுவனத்துக்குச் செலவு. அந்த வட்டி உங்கள் கையில் தொழில் வருமானம். அதிலிருந்து நீங்கள் கட்டிய நகைக்கடன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். கழிப்பது வட்டியை மட்டும். அசலைத் திருப்பிக் கட்டியது ஒருநாளும் செலவாகாது. மாதா மாதம் கட்டும் தவணை முழுவதையும் செலவில் எழுதியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பணம் நடந்த வழி தெரிய வேண்டும். நகைக்கடன் பணம் உங்கள் பாங்குக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து அப்படியே நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்குப் போயிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. கையில் ரொக்கமாக வாங்கிப் பாதியை வீட்டுக்கும் பாதியைத் தொழிலுக்கும் செலவழித்திருந்தால், தொழிலுக்குப் போன பாதியின் வட்டியை மட்டுமே கேளுங்கள். அடுத்த முறை அடகு வைக்கும்போது வீட்டுத் தேவைக்கு ஒரு சீட்டு, தொழிலுக்கு ஒரு சீட்டு என்று இரண்டாக வாங்கிவிடுங்கள்.

கொட்டகைக்கு இதுவரை வாடகை கொடுக்கவில்லை என்றால் கடந்த ஆண்டுக்கு வாடகைச் செலவு இல்லை. இனி மதினியும் நிறுவனமும் ஒரு வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், உங்கள் ஊரில் அப்படியொரு கொட்டகைக்கு என்ன கிடைக்குமோ அந்த அளவில். உறவினருக்கோ கூட்டாளிக்கோ சந்தை நிலவரத்தை மீறிக் கொடுத்தால் மீறிய பகுதியை அதிகாரி தள்ளலாம். வாடகை மதினிக்கு வீட்டு வருமானம். அதில் 30 சதவீதம் கழிவு போகத்தான் கணக்கு. கரண்டு பில்லில் தொழிலின் பங்கை மட்டும் கழிக்கலாம். மோட்டார் எத்தனை குதிரைத்திறன், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பங்கைக் கணக்கிட்டு அதைக் கோப்பில் வையுங்கள். கொட்டகைக்குத் தனி மீட்டர் வாங்கிவிட்டால் இந்த வாதமே எழாது. எரிவாயு பயன்படுத்துவதாக இருந்தால் 19 கிலோ வணிக சிலிண்டரையே வாங்குங்கள். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிப்பது சட்டப்படி தவறு, அதைச் செலவென்று காட்டவும் வழியில்லை.

இயந்திரம் மூலதனச் செலவு. 1,80,000-ஐயும் ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, தேய்மானம்தான். பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. டிசம்பரில் வாங்கியதால் உங்களுக்கு 7.5 சதவீதம், 13,500 ரூபாய். உற்பத்தித் தொழிலில் புது இயந்திரம் போட்டால் கூடுதல் தேய்மானம் 20 சதவீதம் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் முதல் ஆண்டில் பாதி, 18,000 ரூபாய். மீதி 10 சதவீதம் அடுத்த ஆண்டில் கிடைக்கும். புதிய வரி முறையில் உள்ள தனிநபர்களுக்கு இது கிடையாது, உங்கள் கூட்டு நிறுவனத்துக்கு உண்டு. ரிட்டர்ன் போடுபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். இயந்திர விலையில் எந்தப் பகுதியையாவது ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பகுதிக்குத் தேய்மானமே கிடைக்காது.

பழுது பார்த்தது வேறு. சீவும் கத்தி மாற்றியது, மோட்டார் சுற்றியது, ஒட்டும் இயந்திரத்தின் காயில் மாற்றியது எல்லாம் அந்த வருடமே முழுச் செலவு. ஆனால் பழைய இயந்திரத்தையே தூக்கிவிட்டுப் புதிது வைத்தால் அது பழுதுபார்ப்பு ஆகாது. நம் ஊர் நூற்பாலையான சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் ரிங் பிரேம்களை மாற்றிவிட்டு அதைப் பழுதுபார்ப்பு என்று வாதிட்டபோது, 2007-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

உங்கள் கணவர் செய்யும் வேலைக்குச் சம்பளம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெளி ஆள் வைத்தால் தருகிற அளவில் மாதம் 15,000 என்று நிர்ணயித்து, மாதா மாதம் பாங்கு வழியாகக் கொடுங்கள். நிறுவனத்துக்கு அது செலவு. ஆனால் நீங்கள் நிறுவனத்தில் 20 சதவீதத்துக்குக் குறையாத பங்கு உள்ளவர் என்பதால், உங்கள் கணவரின் சம்பளம் அவர் கையில் இல்லாமல் உங்கள் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். தொழில்நுட்பப் படிப்போ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அதனால் மட்டுமே வரும் சம்பளத்துக்குத்தான் விலக்கு. சரக்குப் போடும் வேலைக்கு அது பொருந்தாது. சேர்த்தாலும் உங்கள் 3,60,000-மும் அவருடைய 1,80,000-மும் 5,40,000தான், தள்ளுபடி எல்லைக்குள். ரிட்டர்னில் சரியான இடத்தில் காட்ட மறக்காதீர்கள். கடந்த ஆண்டு கொடுக்காத சம்பளத்தை இப்போது எழுத வேண்டாம். அவருடைய வண்டிக்குப் போட்ட பெட்ரோல், சரக்குப் போட்ட நாட்களுக்கான பங்கு, செலவில் வரும். வண்டி அவர் பெயரில் இருப்பதால் தேய்மானம் வராது.

கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கொடுத்தது நன்கொடை என்றால் தொழில் செலவு அல்ல. திருவிழா மலரிலோ வளைவிலோ உங்கள் வற்றலின் பெயர் போட்டு விளம்பரம் வந்து, விளம்பரக் கட்டணம் என்று ரசீது தந்திருந்தால் அது செலவு. மலரின் அந்தப் பக்கத்தைக் கிழித்து ரசீதோடு குத்தி வையுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமக் கட்டணம் செலவு. விதியை மீறியதற்குக் கட்டிய அபராதம் செலவு அல்ல. மாமூல் கொடுத்ததை எந்தப் பெயரில் எழுதினாலும் சட்டம் ஏற்காது. வருமான வரியே செலவு அல்ல, உங்கள் சொந்த எல்.ஐ.சி. தவணையும் அல்ல. கடைகளில் நமத்துத் திரும்பி வந்த பாக்கெட்டுகளும், ருசி பார்க்கக் கொடுத்தவையும் நியாயமான இழப்பு. திரும்பிய சரக்குக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கடைப் பெயரும் பாக்கெட் எண்ணிக்கையும் எழுதுங்கள். பலரும் இதை எழுதாமல் விட்டு, விற்காத சரக்குக்கு லாபம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் ஆண்டிலிருந்து முன்வரியையும் கவனியுங்கள். ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரும் என்று தெரிந்தால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் கட்ட வேண்டும், தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி. ஓண வியாபாரம் செப்டம்பரை ஒட்டி வருவதால் அந்தத் தவணை உங்களுக்குச் சிரமமாக இருக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. நீங்கள் இப்போது போடுவது 2025-26 ஆண்டின் கணக்கு என்பதால் பழைய சட்டத்தின் எண்களையே இங்கே சொல்லியிருக்கிறேன். நாள்வழி, பேரேடு, பில், கொள்முதல் சீட்டு எல்லாவற்றையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக அந்தப் பேக்கரி பாக்கி. அந்த 42,000-ஐ நீங்கள் ஏற்கெனவே விற்பனையில் சேர்த்துவிட்டீர்கள் என்பதால் அது வராக்கடன். வழக்குப் போட்டு நிரூபிக்கத் தேவையில்லை. கணக்கில் வராக்கடன் என்று எழுதித் தள்ளினாலே கழிவு உண்டு என்று 2010-இல் டி.ஆர்.எப். வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த எழுத்து மார்ச் 31-க்கான கணக்கிலேயே இருக்க வேண்டும். பேரேட்டில் பேக்கரி பெயருக்கு எதிரே இன்னும் பாக்கி நிற்கிறதா, தள்ளி எழுதியாயிற்றா என்று கணக்கில் கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடுங்கள். பின்னால் அவர் பாதிப் பணம் கொண்டு வந்து கொடுத்தால், கொடுத்த வருடத்தில் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.